தோற்றவருக்கே குதிரை: அமெரிக்கப் பணக்கார வாரிசுகளும் பந்தய லாயங்களும்

1969ஆம் ஆண்டு இலையுதிர் காலம். ஆல்ஃப்ரெட் வாண்டர்பில்ட்டின் நியூயார்க் அலுவலகம். பூவா தலையா போட்டுப் பார்க்க ஒரு சிலர் கூடியிருக்கிறார்கள். ஒரு தரப்பு ஆக்டன் ஃபிப்ஸ், எதிர்த்தரப்பு பென்னி செனரி. சாட்சிக்கு கென்டகியின் கிளெய்போர்ன் பண்ணையை நடத்தும் புல் ஹான்காக். இதில் வேடிக்கை என்னவென்றால், நாணயம் சுண்ட வந்த இருவருக்குமே தோற்கத்தான் ஆசை.

ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த அறையில் இருந்தவர்கள் யார் யார் என்று பார்த்துவிடலாம். வாண்டர்பில்ட்டின் எள்ளுத்தாத்தா படகு ஓட்டி, கப்பல் விட்டு, கடைசியில் ரயில் பாதைகளை வளைத்துப் போட்டு அமெரிக்காவின் மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவரானவர். ஃபிப்ஸின் தாத்தா ஹென்றி ஃபிப்ஸ், எஃகு ஆலை அதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் பங்குதாரர். பென்னியின் அப்பா கிறிஸ்டோபர் செனரி எரிவாயு நிறுவனங்கள் நடத்திச் சம்பாதித்தவர். சாட்சிக்கு வந்த ஹான்காக்கின் பண்ணைகூட அப்பாவிடமிருந்து வந்ததுதான். ஆக, அந்த அறையில் இருந்த நான்கு பேருமே வாரிசுகள்.

இது தற்செயல் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்கு அமெரிக்கக் குதிரைப் பந்தயத்தின் உச்சியில் இருந்தது இப்படி ஒரு சின்ன வட்டம்தான். வாண்டர்பில்ட், விட்னி, ஃபிப்ஸ், வைட்னர், உட்வர்ட், மெலன், டுபான்ட். ரயில், டிராம் வண்டி, எஃகு, வங்கி, வெடிமருந்து என்று ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு தாத்தா காலத்துத் தொழில் இருக்கும். பேரன் பேத்திகள் அந்தப் பணத்தோடு குதிரை லாயத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஏன் அங்கே வந்தார்கள், அங்கே என்னதான் செய்தார்கள், அப்புறம் என்ன ஆனார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. ரேஸ் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களும் படிக்கலாம்.

பந்தயம் கட்டுபவர் வேறு, குதிரைக்காரர் வேறு

குதிரை ரேஸ் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது, சம்பளத்தைக் கொண்டுபோய் ரேஸ் கோர்ஸில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வரும் ஆள். சினிமாவும் கதைகளும் அப்படித்தான் பழக்கியிருக்கின்றன. இந்த வாரிசுகளின் கதையில் அந்த ஆள் கிடையாது. இவர்களில் சிலர் பந்தயம் கட்டியும் இருக்கலாம். ஆனால் இவர்களுடைய ஆட்டம் அது இல்லை. குதிரையைச் சொந்தமாக வைத்திருப்பது, அதைவிட முக்கியமாக, குதிரையைப் பிறக்கவைப்பது, இதுதான் இவர்களுடைய ஆட்டம்.

ஒரு பந்தயக் குதிரையைச் சுற்றி நான்கு பேர் இருப்பார்கள். உரிமையாளர் பணம் போடுகிறார். பயிற்சியாளர் குதிரையைத் தயார் செய்து, எந்தப் பந்தயத்தில் ஓடவேண்டும் என்று முடிவெடுக்கிறார். ஜாக்கி ஓட்டுகிறார். லாயக்காரர் தீனி வைத்து, தேய்த்து, காலுக்குக் கட்டுப்போட்டு, இரவும் பகலும் கூடவே இருக்கிறார். ஜாக்கி அணிந்திருக்கும் பளபள சட்டை ஜாக்கியுடையது இல்லை, உரிமையாளரின் நிறம். கோயில் யானையின் நெற்றிப்பட்டம் மாதிரி, யார் வீட்டுக் குதிரை என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடும். ஃபிப்ஸ் வீட்டுக்குக் கறுப்புச் சட்டையும் செர்ரிச் சிவப்புத் தொப்பியும். செனரி வீட்டுக்கு நீலமும் வெள்ளையும். இந்த நிறங்களைக்கூட அப்பா பிள்ளைக்கு விட்டுச் செல்வார்.

இவர்களைத் தவிர ஐந்தாவதாக ஒருவர் உண்டு. குட்டி ஈனும்போது தாய்க்குதிரை யாருடையதோ அவர்தான் அந்தக் குட்டியை 'வளர்த்தெடுத்தவர்' என்று பதிவாகும். அதை விற்காமல் தன் நிறத்திலேயே ஓடவைத்து ஜெயித்தால் அதுதான் இந்த வட்டத்தில் பெரிய கௌரவம். சந்தையில் வாங்கிய குதிரையில் ஜெயிப்பது இரண்டாம் பட்சம். வீட்டுத் தோட்டத்துக் கத்தரிக்காய்க்கும் கடைக் கத்தரிக்காய்க்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பந்தயங்களில் மூன்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். மே மாதம் முதல் சனிக்கிழமை லூயிவில் நகரில் கென்டகி டெர்பி. அதைத் தொடர்ந்து பால்டிமோரில் பிரீக்னெஸ். கடைசியாக நியூயார்க்கில் பெல்மான்ட், வழக்கமாக ஒன்றரை மைல். மூன்றிலும் மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடலாம். அதாவது ஒரு குதிரைக்கு வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்பு. மூன்றையும் ஜெயித்தால் டிரிபிள் கிரவுன். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இதுவரை 13 குதிரைகளுக்குத்தான் அது கிடைத்திருக்கிறது.

பனை நட்டவன் கதை

தென்னை நட்டவன் தின்னுட்டுச் சாவான், பனை நட்டவன் பார்த்துட்டுச் சாவான் என்று நம் ஊரில் சொல்வார்கள். குதிரை வளர்ப்பு பனை ஜாதி.

கணக்கைப் பாருங்கள். பெட்டைக்குதிரை சினை பிடித்தால் பதினொரு மாதம். ஈற்றுக்கு ஒரே குட்டி. பிறந்த குட்டி இரண்டு வயதில் ஓடத் தொடங்கும், மூன்று வயதில் டெர்பி. அதற்குமேல்தான் அது தேறுமா தேறாதா என்றே தெரியும். இந்தத் தாய்க்குதிரையை வைத்துக்கொண்டது சரிதானா என்பது அதன் மூன்று நான்கு குட்டிகள் ஓடி முடித்த பிறகுதான் புரியும். அதன் பெண்குட்டிகளும் நல்ல குட்டிகளை ஈனுகின்றனவா என்று பார்க்கப் பதினைந்து இருபது ஆண்டுகள் ஆகிவிடும். மாட்டுக்கு இருப்பதுபோல் செயற்கைக் கருவூட்டலும் இங்கே கிடையாது. தரோபிரெட் எனப்படும் பந்தய இனத்தில் பொலிகுதிரையும் பெட்டையும் நேரில் சேர்ந்து பிறந்த குட்டிக்கு மட்டும்தான் பதிவு. குதிரைகளின் வம்சாவளிப் பதிவேட்டை வைத்திருக்கும் ஜாக்கி கிளப் இதில் கறார். பெயர்தான் ஜாக்கி கிளப், உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் முதலாளிகள். 1894இல் தொடங்கியது.

நேரடிச் சேர்க்கை மட்டும்தான் என்பதால், பெயர்பெற்ற பொலிகுதிரையோடு சேர்க்கும் வாய்ப்புகள் எண்ணிக்கையில் குறைவு, விலையில் அதிகம். பெரும் பணம் இருப்பது அங்கேதான். ஓடிச் சம்பாதிப்பதைவிட, ஓடி ஓய்ந்தபின் பொலிக்கு நின்று சம்பாதிப்பது பல மடங்கு. ஆனால் அந்த நிலைக்கு வருவது நூற்றில் ஒன்றிரண்டு குதிரைகள்கூட இல்லை. மற்றவற்றில் பெரும்பாலானவை தீனிச் செலவைக்கூடத் திருப்பித் தருவதில்லை.

இப்படிப்பட்ட தொழிலுக்கு யார் வருவார்கள்? அடுத்த மாதம் வட்டி கட்டவேண்டியவர் வரமாட்டார். பத்து ஆண்டுகள் நஷ்டத்தைச் சிரித்துக்கொண்டே தாங்கக்கூடியவர், நிலமும் நேரமும் இருப்பவர், பலனைத் தன் மகள் பார்த்தால் போதும் என்று நினைப்பவர் வருவார். வாரிசு என்பவர் ஏற்கெனவே தாத்தா நட்ட பனையின் நிழலில் உட்கார்ந்திருப்பவர். அவருக்கு இந்தக் கணக்கு புரியும். வம்சம், ரத்தம், 'இன்னாரின் பேரன்' என்ற பேச்செல்லாம் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பழகியதுதானே.

இதற்கு எதிர் உதாரணங்களும் உண்டு. 1977இல் டிரிபிள் கிரவுன் வென்ற சியாட்டில் ஸ்லூ, எந்தப் பெரிய வீட்டுப் பிள்ளையும் இல்லாமல், ஏலத்தில் வெறும் 17,500 டாலருக்கு வாங்கப்பட்ட குதிரை. பணத்தால் வாய்ப்பைக் கூட்டிக்கொள்ளத்தான் முடியும். வெற்றியை வாங்க முடியாது. பெரிய வீட்டுக்காரர்களை இந்த விளையாட்டு இழுத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மற்ற எல்லாம் அவர்கள் சொன்னபடி கேட்டது, இது கேட்கவில்லை.

இருபத்தொன்றாம் பிறந்தநாள் பரிசு

நாணயம் சுண்டப்பட்ட அறையின் சொந்தக்காரரிடம் வருவோம். ஆல்ஃப்ரெட் க்வின் வாண்டர்பில்ட் ஜூனியர், பிறப்பு 1912. அவருக்கு மூன்று வயதுகூட நிறையாதபோது, 1915 மே மாதம், லூசிடானியா கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. அவருடைய அப்பா அதில் போய்விட்டார். (இவருடைய சமகாலத்து லாய உரிமையாளர் ஜார்ஜ் வைட்னரின் அப்பாவும் சகோதரரும் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு டைட்டானிக்கில் இறந்தவர்கள். அந்தக் காலத்துப் பெரும் பணக்காரர்கள் அட்லாண்டிக் கடலை நம் ஆட்கள் டவுன் பஸ்ஸில் போவதுபோலக் கடந்துகொண்டிருந்தார்கள் என்பது இதில் தெரிகிறது.) அம்மா மார்கரெட் எமர்சனும் லேசுப்பட்டவர் இல்லை. புரோமோ செல்ட்ஸர் என்ற தலைவலி மருந்தால் பணக்காரரான எமர்சனின் மகள். மேரிலாந்தில் இருந்த சாகமோர் குதிரைப் பண்ணையை, மகனின் இருபத்தொன்றாம் பிறந்தநாளுக்கு அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார்.

இப்படிக் கிடைத்தால் உருப்படாமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். இந்தப் பிள்ளை உருப்பட்டது. பண்ணை கைக்கு வந்த அதே 1933இல் டிஸ்கவரி என்ற குதிரையை வாங்கினார். அது அதிக எடை சுமந்து ஓடியே பேர் வாங்கியது. சில ஆண்டுகளில் பால்டிமோரின் பிம்லிகோ பந்தயத் திடலை நிர்வகிக்கும் பொறுப்புக்கு வந்தார். 1938 நவம்பர் 1 அன்று அங்கே சீபிஸ்கட்டையும் வார் அட்மிரலையும் நேருக்கு நேர் மோதவிட்டவர் இவர்தான். அப்போது வயது 26.

அந்தப் பந்தயத்துக்குள்ளும் ஒரு வாரிசுக் கதை இருக்கிறது. வார் அட்மிரல் முந்தைய ஆண்டு டிரிபிள் கிரவுன் வென்ற ராஜகுமாரன். சீபிஸ்கட், கட்டைக் காலும் தூங்குமூஞ்சித்தனமுமாக இருந்த குதிரை. அதைப் பிறக்கவைத்தது யார் தெரியுமா? ஆக்டன் ஃபிப்ஸின் அம்மா கிளாடிஸ் மில்ஸ் ஃபிப்ஸின் வீட்லி லாயம்தான். கிளாடிஸ் தன் சகோதரரோடு சேர்ந்து தொடங்கிய லாயம் அது. அந்தச் சகோதரர் பிற்பாடு அமெரிக்க நிதி அமைச்சராகவும் இருந்தார். இது தேறாது என்று 1936இல் சீபிஸ்கட்டை அவர்கள் விற்றுவிட்டார்கள். வாங்கியவர் கலிஃபோர்னியாவில் சைக்கிள் பழுது பார்க்கத் தொடங்கி, கார் விற்று முன்னுக்கு வந்த சார்லஸ் ஹோவர்ட். பிம்லிகோவில் சீபிஸ்கட் நான்கு குதிரை நீளத்தில் ஜெயித்தது. பரம்பரைப் பணக்காரர்கள் கழித்துக்கட்டிய குதிரை சொந்தக்காலில் நின்றவரிடம் போய் ஜெயித்ததால்தான், பொருளாதார மந்தத்தில் நொந்துபோயிருந்த ஜனங்கள் அதை அப்படிக் கொண்டாடினார்கள்.

வாண்டர்பில்ட்டின் உச்சம் 1950இல் பிறந்த நேட்டிவ் டான்சர். சாம்பல் நிறக் குதிரை. வீடுகளுக்குத் தொலைக்காட்சி வந்துகொண்டிருந்த காலம், படமோ கறுப்பு வெள்ளை. மற்ற குதிரைகள் எல்லாம் திரையில் ஒரே கறுப்பாகத் தெரியும். இது மட்டும் தனியாக மின்னும். யார் முந்துகிறார்கள் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். ஓடியது 22 முறை, ஜெயித்தது 21. தோற்ற அந்த ஒன்று எது என்றால், 1953 கென்டகி டெர்பி. முதல் வளைவில் இன்னொரு குதிரை இடித்தது, கடைசியில் ஒரு தலை தூரத்தில் தோல்வி. ஜெயித்த டார்க் ஸ்டார், சுரங்கத் தொழில் குடும்பமான குகன்ஹைம் வீட்டு வாரிசின் குதிரை. இந்த வட்டத்தில் தோற்றாலும் பக்கத்து மாளிகையிடம்தான் தோற்க வேண்டியிருந்தது.

சாவு விழுந்தால் சந்தை

இந்த லாயங்களின் வரலாற்றைப் படிக்கையில் ஒன்று கண்ணில் படும். பெரிய குதிரைகள் கைமாறுவது பெரும்பாலும் யாரோ இறந்தபோது, அல்லது போருக்குக் கிளம்பியபோது. காசு கொடுத்தால் விற்கமாட்டார்கள். காலன் வந்தால் விற்றாகவேண்டும்.

ஆகஸ்ட் பெல்மான்ட் ஜூனியர் வங்கிக்காரரின் மகன், நியூயார்க் சுரங்க ரயிலுக்குப் பணம் திரட்டியவர். முதல் உலகப் போரில் 65 வயதில் ராணுவத்தில் சேர்ந்ததால் 1918இல் தன் ஒரு வயதுக் குட்டிகளை சாரடோகா ஏலத்துக்கு அனுப்பினார். அவற்றில் ஒன்றை 5,000 டாலருக்கு சாமுவேல் ரிடில் எடுத்தார். அதன் பெயர் மேன் ஓ வார். 21 பந்தயத்தில் 20 வெற்றி. அதைத் தோற்கடித்த ஒரே குதிரை, ஹாரி பெய்ன் விட்னியின் அப்செட். மேன் ஓ வாரின் கடைசிக் காலத்தில் அதைக் கவனித்துக்கொண்ட வில் ஹார்பட் என்ற கறுப்பின லாயக்காரர், பார்க்க வரும் கூட்டத்துக்கு அதன் பெருமையைக் கதை கதையாகச் சொல்வார். 1947 அக்டோபரில் அவர் இறந்தார். ஒரு மாதத்துக்குள் குதிரையும் இறந்தது. அமெரிக்கக் குதிரைகளின் வரலாற்றில் உரிமையாளர்களின் பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கும். குதிரையின் நாளை நகர்த்தியவர்கள் இவரைப் போன்றவர்கள். 1875இல் நடந்த முதல் கென்டகி டெர்பியில் 15 ஜாக்கிகளில் 13 பேர் கறுப்பினத்தவர். பணமும் பெருமையும் கூடக் கூட, அவர்களைச் சேணத்திலிருந்து இறக்கி லாயத்தோடு நிறுத்தினார்கள்.

உட்வர்ட் குடும்பத்தின் கதை இன்னும் கொடுமை. வில்லியம் உட்வர்ட், வங்கி நடத்திய சித்தப்பா பெரியப்பா வழியில் சொத்து வந்தவர். அவருடைய பெலேர் லாயம் 1930இல் கேலன்ட் ஃபாக்ஸ், 1935இல் அதன் மகன் ஒமாஹா என்று அப்பனும் பிள்ளையுமாக டிரிபிள் கிரவுன் வென்றது. இன்றுவரை வேறெந்த அப்பா பிள்ளைக் குதிரைகளுக்கும் அது வாய்க்கவில்லை. 1953இல் அவர் இறந்ததும் லாயம் மகன் வில்லியம் ஜூனியர் கைக்கு வந்தது. அவருடைய நஷுவா 1955இல் நாட்டிலேயே சிறந்த குதிரை. அதே ஆண்டு அக்டோபரில் ஒரு நள்ளிரவில், திருடன் என்று நினைத்துச் சுட்டதாக மனைவி சொன்ன குண்டுக்கு அவர் பலியானார். நடுவர் குழு மனைவிமீது குற்றம் சாட்டவில்லை. லாயம் கலைந்தது. மூடிய உறையில் விலை கேட்டார்கள். நஷுவா 12,51,200 டாலருக்குப் போயிற்று. பத்து லட்சம் டாலரைத் தாண்டிய முதல் பந்தயக் குதிரை.

சரி, இப்போது நாணயத்துக்கு வருவோம்.

கிளாடிஸ் ஃபிப்ஸிடம் போல்ட் ரூலர் என்ற பொலிகுதிரை இருந்தது. அதன் அம்மா, வாண்டர்பில்ட்டின் டிஸ்கவரிக்குப் பிறந்தவள். போல்ட் ரூலருக்குச் சேர்க்கைக் கட்டணம் என்று ஒன்றும் கிடையாது, குட்டிகளில் பங்குதான். செனரி வீட்டு மெடோ பண்ணை இரண்டு பெட்டைகளை அனுப்பும். குட்டிகளை இரு வீடும் பிரித்துக்கொள்ளும். முதல் ஆண்டுக் குட்டிகளில் எதை எடுப்பது என்பதை நாணயத்தில் ஜெயித்தவர் முதலில் சொல்லலாம். அடுத்த ஆண்டுக் குட்டிகளில் முதல் உரிமை தோற்றவருக்கு. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் இரண்டாம் ஆண்டு ஒரு பெட்டை சினை பிடிக்கவில்லை. சம்திங்ராயல் என்ற இன்னொரு பெட்டை மட்டும் சினையாக இருந்தது. ஆகவே ஜெயித்தால் ஒரு குட்டி, தோற்றால் இரண்டு. இருவரும் தோற்க விரும்பியது அதனால்தான்.

ஃபிப்ஸ் ஜெயித்துத் தொலைத்தார். சம்திங்ராயலின் முந்தைய ஈற்றுப் பெட்டைக் குட்டியை எடுத்தார். அது ஓடிய பந்தயம் ஒன்றிலும் ஜெயிக்கவில்லை. தோற்ற பென்னிக்கு ஓர் ஆண்குட்டியும், வயிற்றில் இருந்த இன்னொன்றும். அந்த இன்னொன்று 1970 மார்ச் 30 அன்று வர்ஜீனியாவில் பிறந்தது. செந்நிறம். பெயர் செக்ரடேரியட்.

அப்போது பென்னி டென்வரில் குடும்பத்தோடு இருந்த, பண்ணை நடத்திப் பழக்கமில்லாத பெண். அப்பா நோயில் விழுந்ததால் பொறுப்புக்கு வந்தவர். உலக வங்கியில் பொருளாதார நிபுணராக இருந்த அண்ணன் ஹாலிஸ் செனரிக்கு, நஷ்டத்தில் ஓடும் பண்ணையை விற்றுவிடலாம் என்ற எண்ணம். கணக்குப்படி அவர் சொன்னது சரிதான், குதிரைதான் கணக்குப்படி நடக்கவில்லை. 1973 ஜனவரியில் அப்பா இறந்தார். வாரிசு வரி தலைக்குமேல் நின்றது. பென்னி செக்ரடேரியட்டைப் பங்கு போட்டு விற்றார். ஒரு பங்கு 1,90,000 டாலர் வீதம் 32 பங்குகள், மொத்தம் 60 லட்சத்து 80 ஆயிரம். பங்கு வாங்கியவர்களுக்கு, குதிரை ஓய்வுபெற்றபின் ஆண்டுதோறும் தங்கள் பெட்டையை அதனிடம் அனுப்பும் உரிமை. இந்த ஏற்பாட்டை நடத்திக்கொடுத்தவர், சில மாதங்கள் முன்பு அப்பாவை இழந்து பண்ணைப் பொறுப்பை ஏற்றிருந்த சேத் ஹான்காக். புல் ஹான்காக்கின் மகன், வயது 23. அவரும் வாரிசு.

கவனியுங்கள், இது நடந்தது பிப்ரவரியில். டெர்பி மே மாதம். அதாவது இரண்டு வயதிலேயே ஆண்டின் சிறந்த குதிரை என்று பேர் வாங்கியிருந்தாலும், மூன்று வயதில் இன்னும் ஒரு பந்தயமும் ஓடாத குதிரைக்கு அந்த விலை. பணம் போட்டவர்கள் ஜூன் 9 வரை எப்படித் தூங்கினார்கள் என்று தெரியவில்லை. அன்று பெல்மான்ட் பந்தயத்தில் செக்ரடேரியட் 31 குதிரை நீளம் முன்னால் தனியாக வந்தது. இரண்டு நிமிடம் 24 விநாடி. அரை நூற்றாண்டு கடந்தும் அந்த நேரத்தை எந்தக் குதிரையும் அங்கே தொடவில்லை.

பெண்கள், வரி, ஒரு மாப்பிள்ளை

இந்தக் கதையில் பெண்கள் அடிக்கடி வருவதைக் கவனித்திருப்பீர்கள். வங்கியிலும் ஆலையிலும் பெண்ணுக்கு நாற்காலி இல்லாத காலத்தில், லாயத்தில் இருந்தது. கார் கம்பெனிக் குடும்பத்தின் இசபெல் டாட்ஜ் ஸ்லோன் 1934இல் தன் கவல்கேடை வைத்து டெர்பி ஜெயித்தார். மேரியன் டுபான்ட் ஸ்காட், அமெரிக்க அதிபர் மேடிசன் வாழ்ந்த மான்ட்பீலியர் மாளிகையில் குதிரை வளர்த்தவர். மேன் ஓ வாரின் மகனான பேட்டில்ஷிப்பை இங்கிலாந்துக்கு அனுப்பி 1938 கிராண்ட் நேஷனல் என்ற தடைதாண்டும் பந்தயத்தை வென்றார். இவ்வளவும் செய்தாலும் ஜாக்கி கிளப் பெண்களை உறுப்பினராக்கியது 1983இல்தான். முதலில் சேர்க்கப்பட்ட மூவரில் பென்னி செனரியும் ஒருவர். செக்ரடேரியட் ஓடி முடித்துப் பத்து ஆண்டுகள் கழித்து!

வரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நஷ்டம் வரும் குதிரைப் பண்ணையைத் தொழில் என்று காட்டினால், அந்த நஷ்டத்தை மற்ற வருமானத்தில் கழித்துக்கொண்டு வரியைக் குறைக்கலாம். பொழுதுபோக்கு என்று அதிகாரி முடிவுசெய்தால் முடியாது. பொதுவாக ஐந்தில் மூன்று ஆண்டுகள் லாபம் காட்டினால் தொழில் என்று எடுத்துக்கொள்வார்கள். குதிரைக்கு மட்டும் ஏழில் இரண்டு ஆண்டுகள் போதும். பனை கணக்கு சட்டத்துக்கும் புரிந்திருக்கிறது, அல்லது புரியவைத்திருக்கிறார்கள். 1986இல் வரிச் சட்டத்தை மாற்றி, நேரடியாக ஈடுபடாமல் பணம் மட்டும் போடுபவர்களின் நஷ்டக் கழிவுக்குக் கடிவாளம் போட்டார்கள். குதிரை விலைகள் சரிந்தன.

அந்தச் சரிவில் மாட்டிய பெரிய வீடு கலூமெட். பேக்கிங் பவுடர் விற்றுச் சம்பாதித்த ரைட் குடும்பத்தின் பண்ணை. அப்பா வளர்த்தது வண்டி இழுக்கும் பந்தயக் குதிரைகள். 1931இல் அவர் இறந்ததும் மகன் வாரன் ரைட் அதைத் தரோபிரெட் பண்ணையாக மாற்றினார். விர்லவே 1941இல், சைட்டேஷன் 1948இல் என்று இரண்டு டிரிபிள் கிரவுன். டெர்பி மட்டும் மொத்தம் எட்டு. வாரனுக்குப் பிறகு அவர் மனைவி லூசில் 1982 வரை கட்டிக்காத்தார். அப்போது பண்ணையில் அலிடார் என்ற அற்புதமான பொலிகுதிரையும் இருந்தது.

அதன்பின் பேத்தியைக் கட்டிய மாப்பிள்ளை ஜே. டி. லண்டி பொறுப்புக்கு வந்தார். கடன்மேல் கடன். அலிடாரின் சேர்க்கை உரிமைகளை முன்கூட்டியே விற்றுத் தள்ளினார்கள். 1990 நவம்பர் 13 இரவு, தன் கொட்டடிக்குள் கால் முறிந்து நின்றது அலிடார். அறுவை செய்தார்கள். மறுபடி முறிந்தது. 15ஆம் தேதி கருணைக்கொலை. அதன்மேல் 3 கோடியே 65 லட்சம் டாலர் காப்பீடு இருந்ததால் சந்தேகம் கிளம்பியது, ஆனால் யாரோ வேண்டுமென்றே செய்ததாக நிரூபணம் ஆகவில்லை. அடுத்த ஆண்டே பண்ணை திவால். வங்கிக் கடன் மோசடி வழக்கில் லண்டி 2000இல் குற்றவாளி என்று தீர்ப்பானது. அறுபது ஆண்டுகளில் சேர்த்தது ஒன்பதே ஆண்டுகளில் போயிற்று.

எல்லா வீடும் அப்படிப் போகவில்லை. வங்கிக் குடும்பத்தின் பால் மெலன் 1971இல் மில் ரீஃப் என்ற குதிரையால் இங்கிலாந்து டெர்பியை வென்று, 1993இல், தன் 85ஆம் வயதில் கென்டகி டெர்பியையும் பார்த்துவிட்டுப் போனார். காம்ப்பெல் சூப் கம்பெனிக் குடும்பத்தின் வாரிசுகள் இன்றைய தலைமுறையிலும் லாயம் நடத்தியிருக்கிறார்கள். ஆனால் வட்டம் சுருங்கிவிட்டது. இப்போது துபாய் அரச குடும்பம், அயர்லாந்துக்காரர்கள், ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கும் கூட்டணிகள் என்று களம் வேறு.

ஃபிப்ஸ் வீடு மட்டும் விடாமல் காத்திருந்தது. கிளாடிஸ் 1920களில் லாயம் தொடங்கினார். 1957இல் போல்ட் ரூலர் கென்டகி டெர்பியில் தோற்றது. 1989இல் மகன் ஆக்டனின் ஈஸி கோயர் இரண்டாவதாக வந்தது. பேரன் ஆக்டன் மில்ஸ் ஃபிப்ஸ், ஊருக்கே 'டின்னி', ஜாக்கி கிளப்புக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் தலைவராக இருந்தும் டெர்பி கிட்டவில்லை. 2013 மே மாதம், மழையில் சேறாகிக் கிடந்த திடலில், அவரும் அத்தை மகன் ஸ்டூவர்ட் ஜேனியும் சேர்ந்து வளர்த்த ஆர்ப் என்ற குதிரை பின்னாலிருந்து வந்து ஜெயித்தது. மூன்று ஆண்டுகள் கழித்து டின்னி இறந்தார்.

ஆர்பின் வம்சாவளியை எடுத்துப் பார்த்தேன். தாய்வழி, அந்தக் குடும்பத்திலேயே தலைமுறைகளாக வளர்ந்த வழி. அது ஃபிப்ஸ் வீட்டு ரத்தம், எதிர்பார்த்ததுதான். அப்பா மாலிபு மூன். அதன் அம்மாவழித் தாத்தா மிஸ்டர் பிராஸ்பெக்டர், வாண்டர்பில்ட்டின் நேட்டிவ் டான்சருக்குப் பேரன். மாலிபு மூனின் அப்பா ஏ. பி. இண்டி. அந்த ஏ. பி. இண்டியின் அம்மா, செக்ரடேரியட்டின் மகள்.